சுளையை விட்டுத் தோலைத் தின்கிறவனுக்கு

தோல் இருக்கச் சுளை முழுங்கின்னு எங்க காலத்துல ஆளுகளைத் திட்டுவாக. இப்ப அந்தத் திட்டு செல்லுபடியாகாது. சுளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்துட்டு, தோலை ஃப்ரிட்ஜுல பத்திரப்படுத்துற ஆளுக வந்துட்டாக. பேராண்டி, ஒன்னையத்தான் சொல்றேன். திரும்பிப் பார்க்காத, பின்னால யாரும் இல்ல.

ஆரஞ்சுத் தோல்ல மிட்டாய் பண்ணப் போறியாம். இனிமே எதையும் வீணாக்காம வாழப் போறியாம். ஒங்கப்பன் போன்ல சொன்னப்ப அவன் தொண்டை கம்மிருச்சுடா. கத்திரிக்காய்க்குக் காம்பு எந்தப் பக்கம்னு கேட்ட பய, கழிவுல இருந்து பண்டம் செய்யக் கெளம்பிட்டானேன்னு அம்புட்டுப் பூரிப்பு. எனக்கும் சந்தோசந்தான். ஆனா நம்ம வீட்டுல வீணாப்போன தோல்னு ஒண்ணு எப்படா இருந்துச்சு? பீர்க்கங்காய்த் தோல் துவையலாச்சு. வாழைக்காய்த் தோல் பொரியலாச்சு. தர்பூசணியோட வெள்ளைப் பத்தை பாசிப்பருப்போட சேர்ந்து கூட்டாச்சு. ஆரஞ்சுத் தோலே புளியும் வெல்லமும் சேர்ந்து ஒங்க அப்பத்தா கையில பச்சடியாச்சு. இதுல மீறுனது ஆட்டுக்கு. ஆடு வேண்டாம்னது குப்பைக்குழிக்கு, அங்கருந்து கத்திரிச் செடிக்கு. இத்தனை பேரு வரிசையில நிக்கிறப்ப நீ நடுவுல புகுந்து பங்கு கேக்குற. பரவாயில்ல, ஆரஞ்சுத் தோலைத் தாராளமா எடுத்துக்க. நம்ம வெள்ளாடு அதை மோந்து பார்த்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும். ஒனக்குப் போட்டி இல்ல.

இதுல மிச்சம் எங்க இருக்குன்னு மொதல்ல பார்த்துருவோம். ஒரு கிலோ ஆரஞ்சை உரிச்சா தோல் கால் கிலோவுக்கு முன்னப்பின்ன தேறும். அதுக்குச் சரிக்குச் சரி சர்க்கரை கால் கிலோ. மேல பெரட்ட இன்னொரு கைப்பிடி. கசப்பை எடுக்கத் தண்ணி மாத்தி மாத்திக் கொதிக்க வைக்கணும், பெறகு பாகுல ஒரு மணி நேரம் கிடக்கணும். ஆகமொத்தம் அடுப்பு ஒன்றரை மணி நேரம் எரியும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொன்ன மனுசன் ஒனக்குத் தூரத்துச் சொந்தமா இருக்கணும். தோலு ஓசி, மத்ததெல்லாம் காசு. "தாத்தா, ரேஷன்ல சர்க்கரை கிலோ 25 ரூவாதானே?"ன்னு போன வாரம் பேச்சோட பேச்சாக் கேட்ட பாரு, அப்பவே எனக்குப் பொறி தட்டுச்சு. அது ஒங்க அப்பத்தா காப்பிக்கு. அதுல கை வச்சா நடுவுல நான் வரமாட்டேன்.

ஆக, மிச்சம் பிடிக்கிறதுக்குன்னு இதைச் செய்யாத. ருசிக்குன்னு செய்யி. ருசிக்குச் செலவழிக்கிறவனை நான் ஒண்ணும் சொல்றதில்ல. மிச்சம் பிடிக்கிறேன் மிச்சம் பிடிக்கிறேன்னு செலவழிக்கிறவனைத்தான் என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியல.

அடுத்தது ஒடம்புக்கு நல்லதுங்கற சேதி. ஆரஞ்சுத் தோல்ல 100 கிராமுக்கு 136 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கு, பழத்துல 53தான் இருக்குன்னு என் கண்ணு முன்னாலயே படிச்சுக் காட்டுன. கணக்கு நெசந்தான், யாரும் மறுக்கல. ஆனா அந்த வைட்டமின் தண்ணியில கரையிற சரக்கு, சூடும் தாங்காது. நீ மூணு தடவை கொதிக்க வச்சு மூணு தடவை வடிச்ச பெறகு அது எங்கடா இருக்கும்? சாக்கடை வழியாப் போயி வாழைமரத்துக்குச் சேர்ந்திருக்கும். வாழை தெம்பா இருக்கும். ஒனக்கு மிஞ்சுறது சர்க்கரை. இந்த மாதிரிப் பழத்தோல் மிட்டாய்னா அதுல நூத்துக்கு எழுபது பங்குக்குக் குறையாம சர்க்கரை இருக்கணும்னு நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு விதியே சொல்லுது. அது கம்பெனிக்காரனை வதைக்கப் போட்ட விதி இல்ல. அம்புட்டுச் சர்க்கரை இருந்தாத்தான் பூஞ்சைக்குக் குடிக்கத் தண்ணி கிடைக்காது, பண்டம் கெடாது. அதைக் குறைச்சுட்டு "லைட் ஸ்வீட்"னு பேர் வச்சேன்னா அஞ்சாம் நாள் அதுமேல வெள்ளையா மயிர் மொளைக்கும்.

நாட்டுச் சர்க்கரையில செய்யட்டுமான்னு கேப்ப, தெரியும். செய்யலாம். கருப்பட்டியிலகூடச் செய்யலாம். ருசி நல்லாத்தான் இருக்கும், ஆனா நெறம் கறுக்கும், காத்துல இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கிட்டு எப்பவும் பிசுபிசுன்னு நிக்கும். டப்பாவுக்குள்ள அம்புட்டும் ஒரே கட்டியா ஒட்டிக்கும், அதைப் பேக்க நீ அரிவாமனையத் தேடுவ. மொத தடவை வெள்ளைச் சர்க்கரையிலயே போடு. ஒடம்பைக் காப்பாத்தணும்னா அளவாத் தின்னு. சர்க்கரைக்குப் பேரை மாத்தி வச்சுக்கிட்டு அரை டப்பாவைக் காலி பண்ணாத.

இனித் தோலுக்கு வருவோம். எதையும் எடுத்துச் சட்டியில போட்டுற முடியாது. மாம்பழத் தோலைத் தொடாத. மாம்பாலு பட்டு ஒதடு வெந்துபோற ஆளுக நம்ம வம்சத்துலயே இருக்காக. மாதுளைத் தோலு துவர்ப்பு, துணிக்குச் சாயம் போட ஆகும். அன்னாசித் தோலு நாரும் முள்ளும். ஆரஞ்சு, சாத்துக்குடி, எலுமிச்சை, பம்பளிமாசு, இந்தப் புளிப்புக் குடும்பந்தான் மிட்டாய்க்கு ஆகும். அதுலயும் உள்பக்க வெள்ளைச் சதை எம்புட்டு தடிமனோ அம்புட்டு நல்லது. சர்க்கரை போயி உக்கார்ற எடம் அதுதான். அதைப் போயி கத்தியால சொரண்டிச் சொரண்டி எடுத்துட்டு, மேல இருக்கிற மஞ்சத் தோலை மட்டும் வச்சு மிட்டாய் பண்ணிட்டு, "கருவாடு பதத்துல வருதே தாத்தா"ன்னு கேக்காத. பம்பளிமாசு ஒண்ணு கிடைச்சா விட்டுறாத, அதுல வெள்ளைச் சதை ஒரு விரல் தடிமனுக்கு நிக்கும். கசப்பும் கூட. அதுக்கு உப்புப் போட்டுப் பெசைஞ்சு, பிழிஞ்சு, இன்னும் ஒரு தண்ணி கூடவே கொதிக்க வைக்கணும்.

பழம் எங்க வாங்குறன்னு ஒரு கேள்வி இருக்கு. நான் மருந்து அடிச்ச ஆளு. அடிச்ச மருந்து எங்க போயி நிக்கும்னு என்னைக் கேட்டாச் சொல்லுவேன்: நீ மிட்டாய் பண்ணப் போற எடத்துல நிக்கும். கப்பல்ல வர்ற பழத்துக்கு மேல மெழுகும் பூசியிருக்கான், அந்தப் பளபளப்பைப் பார்த்துட்டு நீ ஒரு ரூவா கூடக் குடுப்ப. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டத்துக்குள்ள நிக்கிற கமலா ஆரஞ்சு வத்தலக்குண்டுச் சந்தைக்கு எறங்கும். முன்ன மாதிரி மரம் இல்ல, நோய் விழுந்து நெறையப் போயிருச்சு. இருக்கிற பழமும் பார்க்கச் சொறியும் புள்ளியுமா அழகில்லாமத்தான் இருக்கும். தோலும் மெலிசு. ஆனா வாசனை இருக்கே, அது பத்து வீட்டுக்குக் கேக்கும். எதை வாங்குனாலும் உரிக்கிறதுக்கு முன்னாலயே வெதுவெதுப்பான தண்ணியில ஆப்ப சோடா கொஞ்சம் கலந்து ஊறப்போட்டு, கையால நல்லாத் தேய்ச்சுக் கழுவு. உரிச்ச பெறகு கழுவுறவன் மருந்தை வெள்ளைப் பக்கத்துக்கும் சேர்த்து ஊட்டி விடுறான்.

ஒரு நாள்ல அம்புட்டுத் தோல் சேராது. ஒன் வீட்டுல நாலு பேரு தின்னா நாலு பழம். சேரச் சேர ஃப்ரீசர்ல போட்டு வை. ஐஸ்கிரீம்னு நெனச்சு ஒன் பொண்டாட்டி டப்பாவைத் திறந்து பார்த்தா என்ன சொல்லணும்னு மட்டும் முன்கூட்டியே யோசிச்சு வச்சுக்க.

தோலைக் கால் அங்குலத்துக்கு நீளவாக்குல நறுக்கு. நறுக்குறப்பவே புகை கணக்கா ஒண்ணு பீச்சும், கண்ணுல பட்டா எரியும். அது தோல்ல இருக்கிற எண்ணெய். வெளக்கு முன்னால பிடிச்சு மடக்கிப் பிழிஞ்சா சடசடன்னு பொறி பறக்கும், ஒங்கப்பன் சின்ன வயசுல அதை வச்சுத்தான் தீபாவளிக்கு முன்னாலயே தீபாவளி கொண்டாடுனான். ஊதுன பலூன் மேல அந்தச் சாறு தெறிச்சா பலூன் வெடிச்சுரும். ஒன் மகன்கிட்ட இதைச் சொல்லிறாத. மிட்டாய்க்கு வாசனை குடுக்குறது அந்த எண்ணெய்தான்.

நறுக்குனதைப் பச்சைத் தண்ணியில போட்டு அடுப்புல ஏத்து. பத்து நிமிசம் கொதிக்கட்டும், வடிச்சுக் கொட்டு. திரும்பப் பச்சைத் தண்ணி, திரும்பக் கொதி, திரும்ப வடி. ஆரஞ்சுக்கு மூணு தண்ணி போதும். சும்மா கசப்பு போறதுக்கு மட்டும் இல்ல இது. தோலு இங்கயே பூரா வெந்து முடிஞ்சிரணும், நகத்தை வச்சா அமுங்கணும். பருப்பு வேகறதுக்கு முன்னால புளியை ஊத்துனா பெறகு எம்புட்டு வெறகு வச்சாலும் பருப்பு வேகாதுல்ல, அந்தக் கதைதான். சர்க்கரை ஏறுன தோலு அதுக்குப் பெறகு ஒரு நாளும் மெதுவாகாது. பாகுல வேகட்டுமேன்னு விட்டேன்னா செருப்புத் தைக்கத்தான் ஆகும். கசப்பே தெரியக்கூடாதுன்னு ஆறு தண்ணி ஏழு தண்ணி மாத்துறதும் தப்பு. கசப்பு கொஞ்சம் நிக்கணும். அது பூராப் போயிருச்சுன்னா நீ சர்க்கரையத்தான் தின்னுக்கிட்டு இருக்க, தோலு அதுக்குத் தொட்டுக்க.

வெந்த தோலை எடை போடு. அதே எடைக்குச் சர்க்கரை, அதுல பாதிக்குத் தண்ணி. சர்க்கரை கரைஞ்சதும் தோலைப் போட்டு அடுப்பைச் சிம்முல வை. இங்கதான் ஒன் தலைமுறை தோக்கும். தோலுக்குள்ள இருக்கிற தண்ணி வெளிய வரணும், வெளிய இருக்கிற சர்க்கரை உள்ள போகணும். தீயைக் கூட்டுனா தண்ணி வெளிய வர்ற வேகத்துக்குச் சர்க்கரையால உள்ள போக முடியாது. தோலு சுருங்கி, வெளிப்பக்கம் மரத்துப்போயி, உள்ள வெறுமையா நிக்கும். கரண்டியைப் போட்டுக் கிண்டிக்கிட்டே நிக்கவும் வேண்டாம். கிண்டக் கிண்ட பாகு பூத்து மணல் மணலாப் போயிரும். அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு விடு. புளிப்பு பட்டா சர்க்கரையில ஒரு பங்கு ரெண்டா ஒடையும், ஒடைஞ்ச சர்க்கரை பூக்க விடாது. லட்டுப் பாகு காய்ச்சுறவன் எலுமிச்சை பிழியறதும் அதுக்குத்தான், வாசனைக்கு இல்ல.

முக்கா மணி நேரம், ஒரு மணி நேரம் ஆனதும் ஒரு துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா பிடி. முன்ன சுண்ணாம்பு வெள்ளையா இருந்த சதை தெளிஞ்சு, அந்தப் பக்கம் இருக்கிற ஒன் விரலோட நிழல் இந்தப் பக்கம் தெரியணும். நடுவுல எங்கயாச்சும் வெள்ளைக் கோடு நின்னா அங்க சர்க்கரை போகலன்னு அர்த்தம், இன்னும் கொஞ்சம் விடு. பாகு ஒரு கம்பிப் பதத்துக்கு வந்திருக்கும். நீ வாங்கி வச்சிருக்கிற வெப்பமானியைச் செருகுனா 105, 106 டிகிரின்னு காட்டும். நான் பாகை ரெண்டு விரல்ல தொட்டுப் பிரிச்சுப் பார்ப்பேன். ரெண்டும் ஒரே சேதிதான் சொல்லும். என் விரலுக்குப் பேட்டரி போட வேண்டாம்.

ஒரு மணி நேரம் அடுப்படியில நிக்க முடியாது தாத்தா, மீட்டிங் இருக்குன்னு சொல்லுவ. அப்படின்னா இன்னும் மெதுவான வழி ஒண்ணு இருக்கு. பிரான்சு தேசத்துல ஆப்ட்னு ஒரு ஊரு, பழத்தைச் சர்க்கரையில ஊறப்போடுறதே அந்த ஊருப் பொழப்பு. அங்க ஒரே மூச்சுல காய்ச்சி எறக்குறதில்ல. பாகைக் கொஞ்சங் கொஞ்சமாக் கெட்டியாக்கி நாள் கணக்குல ஊறவிடுறாக. நீயும் காலையில பல் வெளக்குற நேரத்துக்குப் பாகைக் கொதிக்க வச்சு அமத்தி, மூடி வச்சுட்டு ஒன் மீட்டிங்குக்குப் போ. மறுநாளும் அதே. நாலஞ்சு நாள்ல பாகு தானாக் கெட்டியாயிரும், தோலும் நெறைஞ்சு புஷ்டியா வரும். மெதுவாச் செய்யச் செய்ய நல்லா வர்ற வேலை ஒலகத்துல ஒண்ணு ரெண்டுதான் மிச்சமிருக்கு. ஒன் மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டு.

எறக்குன தோலைச் சல்லடையில பரப்பி நெழல்ல காய வை. அடியில தட்டு வச்சுக்க, சொட்டுற பாகு வீணாகாது. சல்லடைக்கு அடியில ஒரு தாம்பாளத்துல தண்ணி ஊத்தி, நடுவுல கல்லு வச்சு, அதுமேல தூக்கி வை. நம்ம ஊரு எறும்புக்கு நீ என்ன செய்யறன்னு நேத்தே தெரியும். ஒரு நாள், ரெண்டு நாள்ல மேல ஈரம் வத்தி, தொட்டா ஒட்டியும் ஒட்டாம இருக்கும். அப்பச் சர்க்கரையில பெரட்டி எடு. ஐப்பசி கார்த்திகை அடைமழையில இந்த வேலையில எறங்காத, காயாது, வேர்த்துக்கிட்டே கிடக்கும். தை மாசி தோது. பழமும் மலிவா வரும். காஞ்ச கண்ணாடிப் பாட்டில்ல போட்டா ஒரு மாசம் தாராளமா இருக்கும். ஒங்க அப்பத்தா இருக்கிற வீட்டுல ஒரு வாரம். டாக்டர் அவளுக்கு இனிப்பு ஆகாதுன்னுட்டாரு. தோலு காய்கறிக் கணக்குல வரும்னு அவளாத் தீர்ப்பு சொல்லிக்கிட்டா.

மிஞ்சுன பாகைக் கொட்டுனன்னு கேள்விப்பட்டேன், அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துருவேன். ஆரஞ்சு மணமெல்லாம் அதுலதான் எறங்கியிருக்கு. பானகத்துல ஊத்து. கேசரிக்கு ஊத்து. எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துப் பானைத் தண்ணியில கலந்து குடி. மிட்டாயைவிட அது தேவலைன்னு எனக்கு ஒரு நெனப்பு, ஆனா மிட்டாய்க்கு ஏங்குறவன்கிட்ட அதை மொதல்லயே சொல்லக்கூடாது.

சித்திரை பொறந்தா தர்பூசணி. செகப்பைத் தின்னுட்டு, மேல பச்சைத் தோலைச் சீவிட்டு, நடுவுல நிக்கிற வெள்ளையைப் பொடிப் பொடியா நறுக்கு. பேக்கரி பன்னுல செகப்பும் பச்சையுமா ஒண்ணு மினுங்குமே, டூட்டி ஃப்ரூட்டி, அதுக்குத் தம்பி இது. கடையில போடுறது பெரும்பாலும் பப்பாளிக்காய். அதைச் செர்ரிப் பழம்னு நம்பித்தான் நீ காலேஜு முடிக்கிற வரைக்கும் தோண்டித் தோண்டித் தின்ன. தர்பூசணி வெள்ளை கொழகொழன்னு போற சாதி. அதுக்கு என் வெத்தலைப் பெட்டியில மருந்து இருக்கு: சுண்ணாம்பு. ஒரு சட்டித் தண்ணியில கொஞ்சம் கரைச்சு, தெளிய விட்டு, மேல நிக்கிற தெளிவை மட்டும் எறுத்து, அதுல ரெண்டு மூணு மணி நேரம் ஊறப்போடு. சுண்ணாம்புல இருக்கிற கால்சியம் காயோட பசையைப் பிடிச்சு எறுக்கிரும், வெந்தாலும் ஒடையாது. ஆக்ராவுல வெள்ளைப் பூசணியில பேட்டான்னு ஒரு மிட்டாய் போடுறாகளே, அவுகளும் சுண்ணாம்புத் தண்ணியிலதான் ஊற வைக்கிறாக. ஆனா ஊறுன பெறகு நாலஞ்சு தடவை அலசு. அலசாம விட்டா நாக்கு பொத்துப்போகும், வெத்தலை போடாமலே வாய் செவக்கும்.

நம்ம ஊருக்கு இந்தச் சர்க்கரை வேலை புதுசுன்னு நெனச்சுக்காத. பஸ் ஸ்டாண்டுல பித்தம், வாந்தி, தலைசுத்தல்னு ராகம் போட்டு வித்துக்கிட்டு வருவானே இஞ்சி மொரப்பா, அது இதுக்கு அண்ணன். மலைப் பாதையில பஸ் ஏறுறவன் பையில அது இருந்தா எல்லாருக்கும் நிம்மதி, முக்கியமா முன் சீட்டுக்காரனுக்கு. ஆனா தோல் தடிச்ச நார்த்தங்காயைக் கண்டா மட்டும் நம்ம கை சர்க்கரைப் பக்கம் போகாது, உப்புப் பக்கம்தான் போகும். சுருள் சுருளா வெட்டி, உள்ள உப்பை அடைச்சு, ஜாடியில ஊறப்போட்டு, வெயில்ல எடுத்து வச்சு, திரும்ப ஜாடியில போட்டு, கறுத்துச் சுருங்குற வரைக்கும் விடமாட்டோம். கசப்பை அடக்க வெள்ளைக்காரன் சர்க்கரையைப் பிடிச்சான், நாம உப்பைப் பிடிச்சோம். ரெண்டுமே தோல்ல இருக்கிற தண்ணியை வெரட்டுற வேலைதான் பார்க்குது. நமக்கு உப்பு மலிவு, வெயில் ஓசி, அடுப்பும் வேண்டாம். நீ தேடிக்கிட்டு இருக்கியே மிச்சம், அது இந்த ஜாடிக்குள்ள இருக்குடா. பழைய கஞ்சிக்கு ஒரு துண்டு போதும். ஆனா அதைப் போட்டோ எடுத்துப் போட்டா ஒனக்கு ஒருத்தனும் லைக் போட மாட்டான், பார்க்க அம்புட்டு அவலட்சணம்.

சரி, செய்யறதுன்னு முடிவு பண்ணிட்ட. தை பொறந்ததும் செய்யி. செஞ்சா எனக்கு ஒரு டப்பா அனுப்பு. மெத்துன்னு வந்ததை மட்டும் பொறுக்கிப் போடு, எனக்குக் கீழ்வரிசையில கடவாய்ப்பல் இல்ல. பதிலுக்கு ரெண்டு வருசத்து நார்த்தங்காய் ஒரு ஜாடி அனுப்பி வைக்கிறேன். ரெண்டு பக்கத்துக் கூரியர் காசும் நீயே கட்டிரு, நீதான் சம்பாதிக்கிற.